கடைசிச் சரணம் யாருடைய குரல்

பிள்ளையாரை வணங்கிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்படித் தொடங்குகிற பழக்கத்தால் வந்த ஒரு குழப்பத்தைத்தான் எழுதப் போகிறேன் என்பது, பேனாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. அவர் பொறுத்துக்கொள்வார்.

இப்போது ஸ்டூடியோக்களில் ரெக்கார்டிங் வேலை செய்கிற உங்களில் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்து, "அங்கிள், அந்தப் பாட்டெல்லாம் எப்படி உண்டாச்சுன்னு ஒண்ணு எழுதித் தரணும் கேட்டோ" என்றீர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரேடியோ ரிப்பேர் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, ஒரு ஸ்டூடியோவில் ஒயர் சுற்றப் போய், பல வருஷம் கழித்து ரெக்கார்டிஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்னதாக ஒன்று. இன்றும் கோயில்களில் போடுகிற ஒரு கணபதி பாட்டு, தேங்காய் உடைகிற சத்தத்தோடு தொடங்கும். அதற்காக ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு சாக்குத் தேங்காய் வரவழைத்தோம். ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துப் பார்த்தோம். மைக்கில் கேட்டால் யாரோ தலையணையை அடிக்கிற மாதிரி இருந்தது. தேங்காய்த் தண்ணீர் மைக் ஒயருக்குள் போனதுதான் மிச்சம். கடைசியில் வாசலில் கிடந்த பழைய கூரை ஓட்டைத் தரையில் போட்டு உடைத்தோம். நீங்கள் கேட்கிற சத்தம் அந்த ஓடுதான்.

கொஞ்ச நாள் கழித்துப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க வந்த ஒருவர் என்னிடம், "அந்தச் சத்தம் கேக்கும்போ உடம்பு சிலுத்துப் போகும் அண்ணாச்சி" என்றார். ஓடு என்று சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்று தெரியாமல் சிரித்து வைத்தேன். எங்கள் இசையமைப்பாளரிடம் இதைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து வந்தவர் என்பதால் அவரை எல்லோரும் மாஷ் என்போம். "எடோ, சிலுத்தது அவன் உடம்புதானே. அது சத்தியம் தன்னே. நீ எதுக்குக் குழம்பற?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதிக்குள் என்னை இழுத்துவிட்டது கோமதியின் விஷயம்.

கோமதி வலியசாலை அக்ரகாரத்துப் பெண். அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். காலையில் வீட்டில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பாள். மத்தியானம் எங்களுக்கு டிராக் பாட வருவாள். டிராக் என்றால் இப்போது உங்களுக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரியான வேலை. பெரிய பாடகி சென்னையிலிருந்து காலை விமானத்தில் வருவார், சாயந்தரம் திரும்பிப் போவார். மெட்டை உட்கார்ந்து படிக்க நேரம் இருக்காது. அதனால் முன்கூட்டியே இன்னொருவர் முழுப் பாட்டையும் பாடி வைப்பார். பெரிய பாடகி அதைக் காதில் கேட்டுக் கேட்டுப் பாடுவார். பிறகு டிராக் குரலை அழித்துவிடுவோம்.

கோமதி கெட்டிக்காரி. எங்கள் கேசட்டுகளில் பாடுகிற பெரிய பாடகிக்கு (பெரியம்மா என்றுதான் சொல்வோம்) எது எளிதோ அப்படியே பாடி வைப்பாள். அவர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கே விடுவாள். எந்தச் சொல்லை இழுப்பாரோ அதை இழுப்பாள். ஆறு வருஷம் இப்படிப் பாடிப் பாடி, கண்ணை மூடிக் கேட்டால் யார் என்று சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. பெரியம்மாவும் கோமதி போட்ட கமகங்களையே பிடித்துப் பாடுவார். யாரைப் பார்த்து யார் பாடுகிறார்கள் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றும்.

அந்தக் கெட்டிக்காரத்தனமே அவளுக்கு வினையாகிவிட்டது. வானொலியில் பாடக் குரல் தேர்வுக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் ஒரே பதில். சாரீரம் நன்றாக இருக்கிறது, ஆனால் இது உங்கள் குரல் இல்லையே. மூன்றாவது தடவைக்கு எழுதிப் போட்டிருந்தாள். "இதுவும் ஆகலேன்னா பாட்டை மூட்டை கட்டி வச்சுட்டு மாமா சொல்ற ஆபீஸ்ல டைப் அடிக்கப் போறேன் அண்ணா" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பொங்காலைக்கு முந்தின மாதம் அம்மன் பாட்டுக் கேசட் ஒன்று பதிவு செய்தோம். நகரமெங்கும் தெருவில் அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைக்கிற நாளுக்கு முன்னால் அது கடைகளுக்குப் போயாக வேண்டும். தமிழ்ப் பாட்டுகள். நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பொங்காலைக்கு வருகிறவர்களை நினைத்துச் செய்தது. அதில் ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தில், "புகையில் மறைந்தாலும் உன் முகம் அறிவேன் அம்மா" என்று ஒரு வரி வரும். மாஷ் அந்த இடத்தை மேலே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

பெரியம்மா அன்று ஜலதோஷத்தோடு வந்தார். பல்லவியும் முதல் சரணங்களும் ஒரு தடத்தில் பாடினார். கடைசிச் சரணத்தில் குரல் பிசிறியது. அதை வேறொரு தடத்தில் திரும்பப் பாடினார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. மாஷ் அவரை வழியனுப்பப் போனார். எங்கள் டேப்பில் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பதிய எட்டே தடங்கள்தான். கோரஸுக்கும் மணிக்கும் நாதஸ்வரத்துக்கும் இடம் வேண்டும். பெரியம்மா பாடின இரண்டையும் ஒரே தடமாகச் சேர்த்துவிட்டு, சேர்ப்பதற்கு முந்தைய இரண்டு தடங்களையும் கோமதியின் டிராக்கையும் அழித்து, அங்கே கோரஸையும் மற்றவற்றையும் ஏற்ற வேண்டும். எதை எதற்காகச் சேர்க்கிறோம் என்பது மட்டும் புரிந்தால் போதும், மற்றது உங்களுக்கு இனிமேல் தேவைப்படாது.

கன்சோலில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒலியை ஏற்றி இறக்க ஒரு விசை உண்டு. எந்த விசை யாருடையது என்று தெரிய, விசைகளுக்குக் கீழே நீளமாக ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிப் பென்சிலால் எழுதுவோம். எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் நான் எழுதும்போது முதலில் பிள்ளையார் சுழி போடுவேன். சுழி இடது பக்கத்து மரச் சட்டத்தின் மேல் வரும்படி ஒட்டுவேன். அதற்கு அடுத்ததுதான் முதல் விசை. மிருதங்கம், புல்லாங்குழல் என்று வரிசையாகப் போய், ஐந்தாவது 'பெரியம்மா 1', ஆறாவது 'பெரியம்மா 2', ஏழாவது 'டிராக்'.

முதல் சரணங்களைச் சேர்த்து முடித்தேன். கடைசிச் சரணத்துக்கு முன்னால் கரண்ட் போயிற்று. ஏ.சி. நின்றது. அரை மணி நேரத்தில் அறை வெந்தது. பிளாஸ்திரி வியர்வையில் கிளம்பிச் சுருண்டுகொண்டது. முழுவதையும் உரித்து, வேட்டியில் துடைத்து, திரும்ப ஒட்டினேன். கரண்ட் வந்தது. 'பெரியம்மா 2' என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே இருந்த விசையை ஏற்றி, கடைசிச் சரணத்தைச் சேர்த்தேன். கேட்கும்போது, ஜலதோஷத்தோடு என்னமாய்ப் பாடியிருக்கிறார், இது அம்மன் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு மற்ற குரல் தடங்களை அழித்துக் கோரஸை ஏற்றினோம். பழைய பிளாஸ்திரியை எடுத்து, வழக்கம்போல டேப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். மாஷ் திரும்பி வந்து கேட்டுவிட்டு, "அவசானம் கம்பீரமாயி" என்று முடிவைப் பாராட்டினார்.

பாட்டு பிடித்துக்கொண்டது. பொங்காலையன்று கிழக்கேக்கோட்டையிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒலிபெருக்கியில் அதுதான்.

மறுநாள் காலை கோமதி ஸ்டூடியோவுக்கு வந்தாள். அன்று அவளுக்குப் பாட்டு எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்பேன். ஆமாம் இல்லைன்னு ஒரு வார்த்தை போறும்."

"உள்ள வாம்மா. வாசல்ல நின்னுக்கிட்டா கேப்பாங்க?"

"பழவங்காடிப் பக்கம் அடுப்பு போட்டிருந்தேன். பாட்டு போட்டா. கடைசிச் சரணம் வந்தது. பக்கத்துல இருந்த மாமி கண்ணைத் தொடச்சிண்டு, 'இந்த எடத்துல அம்மனே எறங்கி வரா'ன்னா. அது நான் அண்ணா. என்னோட சாரீரம். அல்லே?"

நான் யோசிக்கவே இல்லை. "டிராக் எல்லாம் அழிச்சாச்சு, கோமதி. அது பெரியம்மா கொரலாக்கும். நானே என் கையால சேத்தது" என்றேன்.

"அப்போ நேக்கே என் குரல் தெரியலை" என்றாள். "பரவாயில்லை. நாளன்னிக்கு டெஸ்ட். போய் என்னத்துக்கு. ரேடியோக்காரா சொன்னது சரிதான்." போய்விட்டாள்.

நிச்சயமாகச் சொல்கிறோம் என்ற நினைப்பில்தான் சொன்னேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் மனசு கேட்காமல் அந்த டேப் பெட்டியை எடுத்தேன். மூடியைத் திறந்தால் என் பிள்ளையார் சுழி என்னைப் பார்த்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. கரண்ட் போன நேரத்தில் இதைத் திரும்ப ஒட்டினேனே, சுழியை எங்கே ஒட்டினேன். மரத்தின் மேலா, முதல் விசைக்குக் கீழா. முதல் விசைக்குக் கீழே ஒட்டியிருந்தால் எல்லாம் ஓர் இடம் தள்ளிப் போயிருக்கும். 'பெரியம்மா 2' என்ற எழுத்து ஏழாவது விசைக்குக் கீழே வந்திருக்கும். ஏழாவது, கோமதி.

நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கன்சோலில் வைத்து, அன்று ஒட்டினது போலவே ஒட்டிப் பார்த்தேன். ஒரு தடவை கை மரத்துக்குப் போனது. இன்னொரு தடவை விசைக்குப் போனது. பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரு தடவை கேட்டால் பெரியம்மா. அடுத்த தடவை கேட்டால் கோமதி. சரிபார்க்க எதுவும் மிச்சமில்லை. அழித்தவன் நானே.

சொல்லலாம் என்று எழுந்தால் கேசட் முதலாளி ஞாபகத்துக்கு வந்தார். ஆரியசாலையில் மொத்த வியாபாரம், நல்ல மனிதர், ஆனால் அட்டையில் பெரியம்மாவின் படம் போட்டு விற்கிறவர். இப்படி ஒரு பேச்சு வெளியே போனால் என் நாற்காலி இருக்காது. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அதோடு, நிச்சயம் இல்லாத ஒன்றைச் சொல்லி ஒரு பெண்ணுக்கு வீண் ஆசை காட்டுவது பாவமில்லையா என்றும் இருந்தது. எது பயம், எது தர்மம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாயந்தரம் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு இலையிலும் சிவப்புப் பூ ஒரு இலையிலும் கட்டி நடையில் வைத்து, வெள்ளை வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் சும்மா இருப்பது என்று வேண்டிக்கொண்டு எடுத்தேன். சிவப்பு வந்தது. நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. சரியாக வேண்டவில்லையோ என்று இன்னொரு தடவை கட்டினேன். சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை வந்தது. பூசை செய்கிற போற்றி, "அண்ணாச்சி, இனியும் கட்டணும்னா பூ நீங்கதான் வாங்கிட்டு வரணும். நடை அடைக்க நேரமாச்சு" என்றார்.

வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"ரெண்டு செவப்பு, ஒரு வெள்ளை. இப்ப யாரு ஜெயிச்சா?"

"கேலி பண்ணாத. எனக்கு ஒண்ணும் ஓடல."

"இன்னா பாருங்க. அது யாரு கொரலுன்னு அம்மன்கிட்ட கேட்டியளா?"

"இல்ல. சொல்லலாமா வேண்டாமான்னுதான்..."

"அதைக் கேக்கதுக்கு எதுக்குப் பூவு? அந்தப் பிள்ளை உங்ககிட்ட வந்து கேட்டா. நீங்க தெரியும்னு சொன்னிய. இப்பத் தெரியலங்கிய. அப்பம் தெரியலன்னு போய்ச் சொல்லணும். இதுல அம்மன் எங்க வந்தா? செவப்புன்னா நீங்க சொன்ன பொய்க்கு அவ கையெழுத்துப் போடணுமாக்கும்."

மாஷ் எனக்குக் கற்றுத் தந்தது நிறைய. ஆனால் இதை எனக்குப் புரிய வைத்தது அரிசி களைந்த கை.

டெஸ்ட் நடந்த அன்று விடிந்ததும் வலியசாலைக்குப் போனேன். கோமதி வாசலில் கோலம் போட்டு முடித்திருந்தாள். டெஸ்டுக்குப் போகிற புடவை இல்லை, வீட்டில் கட்டுகிற புடவை. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட், வியர்வை, பிளாஸ்திரி, சுழி.

கேட்டு முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பிள்ளையார் சுழி போட்டதாலயா?"

"ஆமாம்மா. இல்லாமலும் இருக்கலாம். எனக்கு நெசமாவே தெரியல. முந்தாநாளு தெரியும்னு சொன்னது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நேக்கும் தெரியலை. உங்களுக்கும் தெரியலை. பெரியம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது." விரலால் டம்ளர் விளிம்பைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "ஆனா நான் இல்லைன்னு உங்களால சத்தியம் பண்ண முடியாது. அல்லே அண்ணா?"

"முடியாது."

"அது போறும்" என்று எழுந்தாள். "காப்பியைக் குடிங்கோ, ஆறிடும். நான் புடவை மாத்திண்டு வரேன். ஆட்டோ பிடிச்சுத் தாங்கோ."

அவள் தேறினாள். என்ன பாடினாய் என்று பிறகு கேட்டேன். "எப்பவும் பாடறதுதான். பெரியம்மா எங்க மூச்சு விடுவான்னு மட்டும் யோசிக்கலை. நேக்கு முட்டின எடத்துல விட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு டிராக் பாட ரொம்ப நாள் வரவில்லை. விடியற்காலையில் வானொலியில் அவள் பாடிக் கேட்பேன். பெரியம்மாவின் சாயல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போய், வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. அது வரவர, அந்தக் கடைசிச் சரணத்தை அவள் குரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் முடியாமல் போயிற்று.

ஒன்றை மறைக்கக் கூடாது. கோமதியிடம் சொன்ன அளவுக்கு முதலாளியிடமும் பெரியம்மாவிடமும் சொல்ல எனக்கு அன்று தைரியம் வரவில்லை. மாஷிடம் மட்டும் சொன்னேன். அவர் பாட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, "எனிக்கும் அறியில்லா எடோ" என்றார். அவர் காதுக்கே தெரியவில்லை என்றதும் என் குழப்பம் தீரவில்லை, பெரிதாயிற்று.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் கழித்து, எங்கள் ஸ்டூடியோவிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பெரியம்மா ஒரு பாட்டுக்காக வந்தார். வயது தெரிந்தது. இடைவேளையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தது. அந்தப் பொங்காலைப் பாட்டு. மேடையில எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கடைசிச் சரணம் மட்டும் எனக்கு அப்படி வரவே மாட்டேங்குது. அன்னிக்கு ஜலதோஷம் வேற. எப்படிப் பாடினேன்னு எனக்கே புரியலை." குரலைத் தாழ்த்தினார். "அது நான்தானா?"

அதே கேள்வி. இந்தத் தடவை பூவைத் தேடவில்லை. டிராக் பாடின பெண் என்று சொல்லி முழுவதையும் சொன்னேன். கோமதியிடம் சொன்ன அதே வரிசையில், அதே 'தெரியாது' என்ற முடிவோடு. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பெட்டி இருக்கா?"

அலமாரியிலிருந்து எடுத்து வந்து மூடியைத் திறந்து காட்டினேன். பிளாஸ்திரி மஞ்சளாகப் போயிருந்தது. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். சுழியைத் தாண்டி, மிருதங்கத்தைத் தாண்டி, தன் பெயருக்கு இரண்டு இடம் இருப்பதையும் தாண்டி, ஏழாவதில் விரல் நின்றது.

"டிராக்" என்று வாசித்தார். "இதுல அவங்க பேர் எங்க?"

தம்பி தங்கைகளே, ஆறு வருஷம் அந்தப் பெண் எங்களுக்குப் பாடினாள். ஒரு பிளாஸ்திரியில்கூட அவள் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. பிள்ளையாருக்கு ஓர் இடம் விட்டு எழுதிப் பழகின கை அது. உங்கள் கம்ப்யூட்டரில் 'டிராக் 1', 'டிராக் 2' என்று போடுகிறீர்களே, அங்கே ஆளின் பெயரைப் போடுங்கள். பிள்ளையார் சுழியும் போடலாம், தள்ளிப் போடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், கேட்ட அன்றைக்கே சொல்லுங்கள். எனக்கு இரண்டு நாள் ஆயிற்று ஒருவரிடம் சொல்ல, பல வருஷம் ஆயிற்று இன்னொருவரிடம் சொல்ல.

"எழுதலைம்மா" என்றேன்.

பெரியம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என் சட்டைப் பையைக் காட்டிக் கையை நீட்டினார். பேனாவை எடுத்துக் கொடுத்தேன். கேசட் அட்டையும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்து, பாடியவர் என்று தன் பெயர் அச்சடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைத்தார்.

"யார் பாடினதுன்னு தெரியலைன்னா ரெண்டு பேர் பேரும்தான் இருக்கணும்" என்றார். "அவங்க பேரைச் சொல்லுங்க."

சொன்னேன்.